ஒரேமாதிரி ஐயாவும் என் குரக்கன் பிட்டும்

இந்த நாட்டில் ஆட்களை அடைத்துவைக்கும் மறியல்கள் எல்லாவற்றிலும் அவித்த முட்டையை நீளவாக்கில் வெட்ட வைத்த மனிதரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் கையாலேயே வெட்டிக் காட்டிய முட்டையையும் பார்த்திருக்கிறேன். எத்தனையோ பெரிய ஆட்கள் வந்தார்கள், மேடையில் ஏறினார்கள், இறங்கினார்கள். வடக்கிலும் தெற்கிலும் ஒரு காரியத்தை ஒரே மாதிரி நடக்க வைத்தவர் இவர் ஒருவர்தான். வேண்டுமென்றால் வற்றாப்பளை அம்மன் வாசலில் நின்று சத்தியம் பண்ணுவேன்.

அவருடைய பெயர் சட்டையில் குத்தியிருந்தது. நாங்கள் ஒருவரும் அதை வாசிக்கவில்லை. மறியலுக்குப் பார்வைக்கு வரும் சனத்துக்கு அவர் ஒரேமாதிரி ஐயா. வாய் திறந்தால் முதல் வரும் சொல் அதுதான். "எல்லா இடத்திலும் ஒரே மாதிரி." தும்மினால்கூட மூன்று தரம், மூன்றும் ஒரே அளவு.

நான் அந்த வாசலுக்குப் போகவேண்டி வந்தது என் மனுசனால். எங்களுக்கு விசுவமடுவில் வயல். வாய்க்கால் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிட்டான் என்று தன் சித்தப்பாவின் மகனை மண்வெட்டிப் பிடியால் ஒன்று போட்டுவிட்டார். மூன்று தையல். அறுபத்தெட்டு வயதில் அடி அவ்வளவு சரியாகப் போய் விழும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. நீதிபதி பிணை கொடுத்து அனுப்பத்தான் பார்த்தார்.

"அடித்தீரா?"

"ஓம் ஐயா, அடிச்சனான்."

"இனிமேல் அடிப்பீரா?"

"தண்ணியை மறிச்சா அடிப்பன்."

பதினாலு நாள் விளக்கமறியல். அடுத்த தவணையிலும் அதே கேள்வி, அதே பதில். இன்னும் ஒரு பதினாலு நாள். அப்படியே தவணைக்குத் தவணை நீண்டது. எங்கள் சட்டத்தரணி தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "அம்மா, அவரைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. பேசாமலாவது நிக்கச் சொல்லுங்கோ."

எனக்கு அடியும் வழக்கும் பெரிய கவலையாக இருக்கவில்லை. அவருடைய வலது காலின் சின்ன விரல்தான் கவலை. அவருக்குச் சீனி வருத்தம். விரலில் ஒரு புண், மாதக்கணக்காக ஆறாமல் இருந்தது. சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். நான் வெள்ளைச் சோற்றை நிற்பாட்டி, குரக்கன் என்கிற கேழ்வரகில் பிட்டு அவித்துக் கொடுத்துக்கொடுத்துப் புண்ணைப் பாதி காயப்பண்ணி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் ஆள் உள்ளே போனார். உள்ளே மூன்று வேளையும் சோறும் பாணும்.

அதனால் விடிய முதல் பஸ்ஸைப் பிடித்து, இடையில் ஒரு பஸ் மாறி, பிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாளாந்தம் போனேன்.

ஐயா வரும் முன் அந்த வாசலில் சட்டம் என்று ஒன்று இருக்கவில்லை, காவலருடைய தேத்தண்ணிதான் இருந்தது. வாசல் காவலர் ஒரு கோப்பை தேத்தண்ணியை வாங்கிவைத்துக்கொண்டு, "சரி, கதையுங்கோ" என்பார். அது குடித்து முடிந்தால் பார்வை முடிந்தது. எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்காரரிடம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, "அவருக்குக் குடுக்கிறதை நல்லாக் கொதிக்கக் கொதிக்கக் குடுங்கோ" என்று சொல்லிவைத்திருந்தோம். பாவம் மனிதர், அவ்வளவு நாளும் நாக்கு வெந்த ஆளாகத் திரிந்தார்.

சாப்பாடும் அப்படித்தான். அவர் நல்ல மனநிலையில் இருந்தால் பிட்டு போகும். இல்லாவிட்டால் பேனையால் குத்தி, பூட்டுத் திறப்பால் கிண்டி, விரலால் தோண்டி ஒரு வழி பண்ணிவிடுவார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து திரேசம்மா என்று ஒருத்தி வருவாள். மகன் தடைசெய்த வலை போட்டு அகப்பட்டவன். அவள் கொண்டுவரும் பொரித்த மீனுக்குள் காவலர் விரல் போகும்போது அவள் கத்துவது கடல்வரை கேட்கும். "விரலை எடும் ஐயா! அதுக்குள்ள என்ன, மோட்டரே வைச்சிருக்கிறன்?"

மூன்றாம் கிழமைதான் ஒரேமாதிரி ஐயா வந்து இறங்கினார். ஒல்லியான ஆள். ஒரு கையில் தலையணை மொத்தத்தில் ஒரு கடதாசிக் கோவை, மற்றக் கையில் பை. பைக்குள் அளவு நாடா, அடிமட்டம், அலாரம் மணிக்கூடு, ஒரு கரண்டி. நாட்டில் இருக்கிற மறியல்கள் எல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடக்கின்றன, அவற்றை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று மேலிடம் அவரை அனுப்பியிருந்தது. ஒவ்வொரு மறியலாகப் போய், அங்கே நடப்பதை எழுதி, பிழையை வெட்டி, சரியை எல்லா இடத்துக்கும் அனுப்புவார். எங்கள் பக்கத்து மறியலில் வெட்ட நிறைய இருந்ததால் மாதக்கணக்காகத் தங்கிவிட்டார்.

முதல் நாள் எங்களை எழுப்பிவிட்டு நாங்கள் குந்தியிருந்த வாங்கை அளந்தார். பிறகு வரிசைக் கயிற்றை அளந்தார். பிறகு இரண்டு ஆட்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளக்க நாடாவோடு வந்தார். திரேசம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்ர மாதாவே, சவப்பெட்டி அடிக்க அளக்கிறார் போல" என்றாள்.

"பார்வையாளர் அச்சம் கொள்ளத் தேவையில்லை" என்றார் ஐயா. அவர் கதைப்பதே கடிதம் வாசிப்பது போலத்தான் இருக்கும். "ஒன்றரை அடி இடைவெளி. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி."

அன்றோடு காவலரின் தேத்தண்ணிக் கணக்குப் போய், அலாரம் மணிக்கூடு வந்தது. பத்து நிமிடம். அடித்தால் எழும்ப வேண்டும். விரலும் பேனையும் திறப்பும் போய், கரண்டி வந்தது. பார்சலை வலப்பக்கம் மூன்று தரம், இடப்பக்கம் மூன்று தரம் கிண்டலாம். அதற்கு மேல் ஒரு கிண்டுக்கு எழுத்தில் காரணம் கொடுக்க வேண்டும். காவலர் கிண்டும்போது நாங்கள் எல்லோரும் சத்தமாக எண்ணுவோம்.

முட்டைக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது முழுவதும் போனது. ஓர் ஊரில் குறுக்கே வெட்டுகிறார்களாம், இன்னோர் ஊரில் உடைத்துப் பிய்க்கிறார்களாம், வேறொரு இடத்தில் கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார்களாம். ஐயா ஒரு முட்டையை மேசையில் வைத்து, அடிமட்டத்தால் நடுவைப் பார்த்து, நீளவாக்கில் வெட்டினார். இரண்டு பாதியும் கண்ணாடியில் பார்த்தது போல இருந்தது.

"இவ்வாறு வெட்டினால் உட்பகுதி முழுவதும் தெரியும். மறைக்க இடமில்லை."

"கோழி மறைக்காட்டி நாங்கள் என்னத்தை மறைக்கிறது, ஐயா?" என்றாள் திரேசம்மா.

ஐயா அதையும் எழுதிக்கொண்டார். மக்கள் கருத்து என்று ஒரு பக்கம் வைத்திருந்தார்.

என்னை உலுப்பிப் போட்ட சட்டம் முதல் வாய்ச் சட்டம். கொண்டுவந்த சாப்பாட்டில் முதல் வாயைக் கொண்டுவந்த ஆளே, எல்லோருக்கும் முன்னால், சாப்பிட்டுக் காட்ட வேண்டும். விசம் கிசம் இல்லை என்பதற்கு. எனக்கு அந்த இடத்தில் நிலம் பிளக்காதா என்று இருந்தது. வீட்டில் நான் சாப்பிடுவது எல்லோரும் சாப்பிட்டு, கோப்பைகளை எடுத்து, அடுப்பை ஒதுக்கிய பிறகு, குசினிக்குள், பலகையில் இருந்து. கலியாணம் கட்டி நாற்பத்தாறு வருடம் அப்படித்தான். இங்கே வாசல் நிறையச் சனம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் என் மனுசன். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு நுள்ளு எடுத்துப் போட்டேன்.

"மறைக்கக் கூடாது, அம்மா" என்றார் ஐயா. "விழுங்குவது தெரிய வேண்டும்."

முந்தானையை எடுத்துவிட்டு விழுங்கினேன். என் மனுசன் வலையில் மூக்கு முட்ட நின்று பார்த்தார்.

"இஞ்சேர்" என்றார். "நீ சாப்பிடுறதை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

அதற்குள் அலாரம் அடித்துவிட்டது.

ஐயா சட்டத்தை மற்றவர்களுக்கு மட்டும் போடுகிற ஆள் இல்லை. காலையில் உள்ளே போகும்போது தானே கைகளைத் தூக்கிக்கொண்டு காவலர் முன்னால் நிற்பார். "சோதிக்கவும்." காவலர் கூச்சப்பட்டுத் தடவினால், "இன்னும் கொஞ்சம் கீழே. முழங்கால் விடுபட்டுவிட்டது" என்பார். தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கரண்டியால் வலம் மூன்று இடம் மூன்று கிண்டி, முதல் வாயைத் தானே சாப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவார். ஒருநாள் பெட்டிக்குள் எள்ளுச் சம்பல் இருந்தது. அனுமதிக்கும் சாப்பாடு என்று அவர் எழுதிக்கொண்டிருந்த பட்டியலில் எள்ளுச் சம்பல் இல்லை. தன்னைத் தானே திருப்பி அனுப்பிவிட்டு, வெறும் பாணை மென்றுகொண்டு போனார்.

உச்சம் என்னவென்றால் அவருடைய மனைவி வந்த நாள்தான். மனிதர் வீட்டுப் பக்கம் போய் இரண்டு மாதமாம். அவா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டி பயத்தம் பணியாரத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டா. காவலர் உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல, ஐயா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"வரிசையில் வரவும்" என்றார்.

அவாவுக்குப் பதினேழாம் நம்பர் துண்டு. எனக்குப் பின்னால்தான் நின்றா. அவாவின் முறை வந்தபோது ஐயா வலைக்கு அந்தப் பக்கம், மறியல்காரர் இருக்கும் கதிரையில் போய் இருந்தார்.

"நீங்கள் இஞ்ச உத்தியோகத்தரோ, கைதியோ?" என்று அவா கேட்டா.

"உத்தியோகத்தரைப் பார்வையிடுவதற்குத் தனி ஏற்பாடு இன்னும் எழுதப்படவில்லை. அதுவரை உள்ள ஏற்பாட்டைத்தான் பாவிக்கலாம். சுகமா?"

"சுகமோ? வீட்டுக் கூரை ஒழுகுது!"

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி!"

வரிசை முழுவதும் சிரித்தது. காவலர் சிரிப்பை அடக்க மாட்டாமல் மதிலோரம் போனார். பத்து நிமிடத்தில் அலாரம் அடித்தது. ஐயா எழும்பினார். அவா எழும்பவில்லை. "இன்னும் நான் ஏசி முடியேல்லை" என்றா. ஐயா கொஞ்ச நேரம் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, "நாளையும் வரலாம். ஞாயிறு தவிர எல்லா நாளும் அனுமதி உண்டு" என்று பணிவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இவ்வளவும் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, பட்டியல் வரும் வரைக்கும். உள்ளே அனுப்பக்கூடிய சாப்பாடு பதின்மூன்று என்று ஒரு பெரிய பலகை வாசலில் கட்டப்பட்டது. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், அதனால் இரண்டு தரம் வாசித்தேன். ஆறாவதில் பிட்டு இருந்தது. ஆனால் என்ன பிட்டு? "குழற்பிட்டு, அரிசிமா அல்லது கோதுமைமா, நீளம் ஐந்து அங்குலம்." என்னுடையது குழலில் அவிக்கிறது இல்லை. பனையோலையில் கூம்பு மாதிரி இழைத்த நீத்துப்பெட்டியில் கொட்டி, பானை வாயில் வைத்து அவிக்கிற உதிரிப் பிட்டு. அதுவும் கறுப்பு.

காவலர் பெட்டியைத் திறந்தார். அடிமட்டத்தைக் கையில் எடுத்தார். எதை அளப்பது என்று தெரியாமல் பிட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அக்கா, உது ஏலாது. கொண்டு போங்கோ."

கிளினிக் துண்டை எடுத்து நீட்டினேன். திரேசம்மாதான் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"நேற்றைக்கும் இதைத்தானே விட்டனீர்?"

"நேற்றைக்குப் பலகை இல்லை."

"அந்த மனுசனுக்கு விரலை வெட்டப் போறாங்கள். உமக்குப் பலகையோ பெரிசு? கூப்பிடும் உங்கட அளவுநாடாவை!"

ஐயா வந்தார். துண்டை முழுவதும் வாசித்தார், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அம்மா, மருந்து என்றால் வைத்தியப் பகுதி ஊடாக அனுப்பலாம். இது உணவு. இவருக்காக இதை விட்டால், இன்னோர் ஊரில் இன்னொருவருக்கு விடவில்லை என்று ஆகும். ஆளுக்கொரு சட்டம் என்றால் பிறகு தேத்தண்ணிச் சட்டம்தான்."

"நெஞ்சு இருக்கிற இடத்தில இந்த ஆளுக்கு அடிமட்டம்தான் இருக்குது" என்று திரேசம்மா அவர் முகத்துக்கு நேரேயே சொன்னாள். ஐயா அதையும் மக்கள் கருத்தில் எழுதினார்.

அன்று நான் பிட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அடுத்த நாளும் கொண்டுபோனேன், அடுத்த நாளும் திருப்பிக் கொண்டுவந்தேன். விடமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் விடிந்தால் கை தானாக மாவை எடுக்கிறது, என்ன செய்ய? மூன்றாம் நாள் பார்வையில் என் மனுசன் காலை ஆட்டாமல் நீட்டிவைத்திருந்தார். கேட்டதற்கு, "வாய்க்காலில தண்ணி வருதோ?" என்றார். பார்வைக்குப் போனால் அவர் கேட்பது வாய்க்காலைப் பற்றி மட்டும்தான். விரல் கறுத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

நான் வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழே பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தேன். அழுதேன் என்று இல்லை. எதிரே ஒரு நிழல் வந்து நின்றது. ஒன்றரை அடி தள்ளித்தான் நின்றது.

"அம்மா, இதன் செய்முறையைக் கூறவும்."

"என்ன, ஐயா?"

"ஒருவருக்கு மட்டும் விட முடியாது. எல்லோருக்கும் விடுவது என்றால் எழுத வேண்டும். எழுதுவது என்றால் செய்முறை வேண்டும்."

ஒரு ஆளுக்கு வளைக்க மாட்டேன் என்ற மனிதர், அந்த ஒரு ஆளுக்காக நாட்டுச் சட்டத்தையே மாற்றப் புறப்பட்டுவிட்டார்.

தேத்தண்ணிக் கடை அடுப்பில் செய்துகாட்டச் சொன்னார். சாட்சிக்குக் காவலர். வேடிக்கைக்கு வரிசை முழுவதும். ஐயா கொப்பியை விரித்தார்.

"முதலாவது?"

"மாவை வறுக்கிறது."

"எவ்வளவு நேரம்?"

"மணக்கும் வரைக்கும்."

"யாருக்கு மணக்கும் வரைக்கும்?"

நான் யோசித்தேன். "அடுப்படியில நிக்கிற ஆளுக்கு."

எழுதினார். "தண்ணீர்?"

"உப்புத் தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுக் குழைக்கிறது."

"எத்தனை தெளிப்பு?"

நான் தெளிக்கத் தெளிக்க எண்ணினார். பதினொன்று. சந்தோசமாக எழுதினார். உறுதிப்படுத்த இரண்டாம் தரம் செய்யச் சொன்னார். அந்தத் தரம் ஒன்பது. ஐயாவின் முகம் வாடிவிட்டது.

"ஏன் ஒன்பது?"

"மா கேக்கேல்லை, ஐயா."

"மா கேட்பதையும் கேட்காததையும் எந்த நிரலில் பதிவது?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். திரேசம்மா தன்னுடைய நீத்துப்பெட்டியைக் கொண்டுவந்து வேறு காட்டிவிட்டாள். அது என்னுடையதைவிட அரைப்பங்கு பெரிது. "வீட்டுக்கு வீடு வேறவேறதான் ஐயா, இழைக்கிறவளின்ர கையைப் பொறுத்தது" என்றாள். ஐயா கதிரையில் இருந்துவிட்டார். அவ்வளவு ஒழுங்கீனத்தை ஒரே நாளில் அவர் கண்டதில்லை.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குழைத்த மாவில் ஒரு பிடி எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். அப்படி ஒரு துணிவு எங்கிருந்து வந்ததோ.

"பொத்திப் பிடியுங்கோ, ஐயா."

பிடித்தார். கொழுக்கட்டை போல நின்றது.

"இப்ப விடுங்கோ."

விரலை விரித்து ஒரு தட்டுத் தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. திரும்பவும் பிடித்தார். திரும்பவும் விட்டார். மூன்று தரம். பிறகு காவலர் கையில் வைத்துப் பார்த்தார், கடைக்காரர் கையில் வைத்துப் பார்த்தார். எல்லோர் கையிலும் பிடிபட்டது, எல்லோர் கையிலும் உதிர்ந்தது.

"எல்லோருக்கும் ஒரே மாதிரி!" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. பதினொன்றையும் ஒன்பதையும் வெட்டிவிட்டு எழுதினார்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும்.

ஆனால் மேலிடம் ஓம் என்று சொல்லும்வரை விரல் பொறுக்குமா? அதற்கும் ஐயாவிடம் ஒரு சட்டப் பந்தி இருந்தது. புதிய உணவைப் பட்டியலில் சேர்க்கும் முன், உள்ளே இருக்கும் ஒருவர் பதினாலு நாள் அதைச் சாப்பிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். சோயாவைப் பட்டியலில் சேர்ப்பதற்கென்று அவரே முன்பு எழுதிவைத்தது.

"ஆர் ஐயா சாப்பிடுறது?" என்று காவலர் கேட்டார்.

"தகுதி எழுதிக்கொள்ளவும். நீரிழிவு உள்ளவர். குரக்கன் உண்டு பழகியவர். நடுநிலையானவர்."

"முதல் ரெண்டுக்கும் இவவின்ர புருசன் இருக்கிறார்" என்றாள் திரேசம்மா. "மூண்டாவதுதான் கஸ்ரம்."

ஐயா கொப்பியைத் திரும்ப எடுத்தார். அடிமட்டத்தை வைத்து, 'நடுநிலையானவர்' என்ற சொல்லை நேர்கோடு போட்டு வெட்டினார்.

இப்படித்தான் என் மனுசன் அரசாங்கப் பரிசோதகர் ஆனார். நான் பிட்டைக் கொண்டுபோய், வாசலில் முதல் வாய் சாப்பிட்டுக் காட்டிவிட்டுக் கொடுப்பேன். அடுத்த நாள் ஐயா பதிவேட்டோடு வந்து, வரிசைக்கு முன்னால் நின்று வாசிப்பார்.

"பரிசோதகரின் கருத்து, முதலாம் நாள்: உப்புக் குறைவு."

நான் உப்பைக் கூட்டினேன்.

"இரண்டாம் நாள்: உப்புக் கூட."

"மூன்றாம் நாள்: தேங்காய்ப்பூ போடும்போது அவளுக்குக் கை நடுங்கினதோ என்று கேட்கவும்."

வரிசை சிரித்தது. நாலாம் நாள் திரும்பவும் உப்புக் குறைந்துவிட்டது. ஐயா, "செய்முறையாளரின் பதில் என்று ஒரு நிரல் இருக்கிறது, அம்மா. வெறுமையாக விட இயலாது" என்றார்.

நாற்பத்தாறு வருடம் வராத வாய் அன்று வந்தது. "நாக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கவேணும் எண்டு சொல்லுங்கோ."

ஐயா எழுதுவதை நிற்பாட்டி என்னைப் பார்த்தார். தன் ஆளை இவ்வளவு நாளுக்குப் பிறகு கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி இருந்தது அவர் பார்வை. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார்.

இதற்குள் மேலிடத்திலிருந்து நீத்துப்பெட்டி என்றால் என்ன என்று கேட்டுக் கடிதம் வந்தது. ஐயா என்னுடைய பெட்டியைக் கேட்டு வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பினார். அதற்குப் பிறகு திரேசம்மாவின் பெட்டியை இரவல் வாங்கித்தான் அவித்தேன். பத்து நாளில் பதில்: "தங்களால் அனுப்பப்பட்ட பெட்டி பரீட்சிக்கப்பட்டது. தண்ணீர் ஊற்றியபோது முழுவதும் ஒழுகியது. பழுதில்லாத ஒன்றை அனுப்பவும்." ஐயா கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "ஆவி போகத்தானே அம்மா அந்த இடைவெளி! ஆவி போகத்தானே!" என்று, ஒரு வாழ்நாள் பிட்டு அவித்தவர் போல வாசலில் அங்குமிங்கும் நடந்தார்.

பதினாலாம் நாள். ஐயா பதிவேட்டைத் திறந்தார். ஒருதரம் தொண்டையைச் செருமினார்.

"பரிசோதகரின் கருத்து: நல்லாயிருக்கு."

அவ்வளவுதான். உப்பும் இல்லை, தேங்காய்ப்பூவும் இல்லை. நான் அவித்ததை இந்த மனிதர் நல்லாயிருக்கு என்று சொல்லி அதுவரை கேட்டதில்லை. சொல்லவும் ஒரு பதிவேடு தேவைப்பட்டது.

"செய்முறையாளரின் பதில்?" என்று ஐயா கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பதில் இல்லை என்று எழுதவா, அம்மா?"

"வேண்டாம் ஐயா. வெறுமையா விடுங்கோ."

வெறும் நிரலைக் கண்டால் வருத்தம் வரும் மனிதர் அவர். பேனையைத் தூக்கினார், யோசித்தார், மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அந்த நிரல் இப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும்.

அந்தக் கிழமை வைத்தியப் பகுதியில் இரத்தம் பார்த்தார்கள். சீனி இறங்கியிருந்தது. விரலின் கறுப்பு மாறி, ஓரத்தில் புதுத்தோல் வந்திருந்தது. விரல் தப்பிவிட்டது. அடுத்த தவணையில் நீதிபதி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இனிமேல் அடிப்பீரா?"

"இல்லை ஐயா."

சட்டத்தரணி அதிர்ச்சியில் எழும்பிவிட்டார்.

"ஏன், திருந்திவிட்டீரா?"

"அறுவடை முடிஞ்சுது ஐயா. வாய்க்காலில தண்ணி இல்லை."

நீதிபதி பேனையைக் கடித்துக்கொண்டு பிணை கொடுத்தார்.

வெளியே வந்த அன்று ஐயா வாசலில் நின்றார். மேலிடத்திலிருந்து இன்னும் அனுமதி வரவில்லை என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். பிறகு கடதாசியில் சுற்றிய ஒன்றை நீட்டினார். புது நீத்துப்பெட்டி. என்னுடையதை அனுப்பும் முன் அளந்து வைத்திருந்தாராம். புதுக்குடியிருப்புச் சந்தையில் ஓலைப்பெட்டி விற்கும் ஒருத்தியிடம் அளவைக் கொடுத்து இழைப்பித்திருந்தார். "ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்றார். என் மனுசன் கும்பிட்டார். ஐயா அவருக்குக் கை கொடுத்து, "பரிசோதகர் நல்ல முறையில் கடமை செய்தார்" என்றார். சிரிக்கவே இல்லை.

பிறகு அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்று காவலருக்கும் தெரியவில்லை. சில மாதம் கழித்துத் திரேசம்மா ரெலிபோன் எடுத்தாள். மகனைத் தெற்கே ஒரு மறியலுக்கு மாற்றியிருந்தார்கள். பார்வைக்குப் போனவள், அங்கிருந்து வெளியே வந்ததும் எடுத்திருக்கிறாள்.

"அக்கா, இஞ்சயும் அந்தப் பலகை தொங்குது. பதினாலாவதில உங்கட பிட்டு! மூண்டு பாசையில! பிடிச்சாப் பிடிபட வேணுமாம், விட்டா உதிர வேணுமாம். இஞ்சத்தைய காவலன் என்ர கையைப் பிடிச்சு, நீத்துப்பெட்டி எண்டா என்ன பெட்டி எண்டு கேக்கிறான். முட்டையும் நீளவாக்கிலதான் வெட்டுறான், விளங்குதோ?"

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வந்த அடுத்த நாள் காலை, புதுப்பெட்டியில் அவித்த பிட்டைக் கோப்பையில் போட்டு அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, நான் வழக்கம்போல் குசினிக்குத் திரும்பினேன்.

"இஞ்சேர், நில்லு."

"என்ன, உப்போ?"

"முதல் வாய் ஆர் சாப்பிடுறது?"

"இது வீடப்பா."

"எல்லா இடத்திலும் ஒரே மாதிரி" என்றார், ஐயாவின் குரலிலேயே. கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் முந்தானையை எடுத்தேன். "மறைக்கக் கூடாது" என்றார்.

அன்று தொடங்கியது, இன்றைக்குக் காலையும் நடந்தது. ஐயா எந்த ஊரில் எந்த வாங்கை அளந்துகொண்டு இருக்கிறாரோ தெரியாது. அவருடைய கோவையில் எங்கள் வீடு இல்லை. இதை எங்காவது வாசித்தால், விசுவமடுவில் ஓர் இடத்திலும் சட்டம் சரியாக நடக்கிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.